சுவிட்சுக்குப் பசிக்குமா?

வீட்டில் இருக்கும் கரண்ட் சாமான்களிலேயே ரொம்ப சாது எது என்று கேட்டால் சுவிட்சைத்தான் சொல்வேன். ஃபேன், மிக்ஸி, ஃப்ரிட்ஜ் எல்லாம் கரண்டைச் சாப்பிடும். சுவிட்ச் மட்டும் சுத்தப் பட்டினி. பழைய பாம்பன் தூக்குப்பாலம் மாதிரி அதுக்கு ஒரே வேலைதான். பாலம் இறங்கியிருந்தா ரயில் போகும், தூக்கியிருந்தா நிக்கும்.

இந்தப் பட்டினி விரதத்தை நம்பித்தான் நூறு வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்க வீடுகளுக்கு ஒயரிங் செய்திருக்கிறார்கள். இப்போ ஸ்மார்ட் சுவிட்ச்னு ஒண்ணு வந்து, தட்டைத் தூக்கிக்கிட்டு, "எனக்கும் சோறு போடு"ங்குது. சோறு போட அந்த இடத்துல ஒயரே இல்லை. அதான் பிரச்சினை.

அடியேன் படிச்சது இ.சி.இ., பொழப்பு பொட்டி தட்டுறது. ஊரில் அப்பா கட்டின வீட்டில் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டணும்னு இறங்கினப்போ, ஒரு போர்டில் சுலபமா முடிஞ்ச வேலை இன்னொரு போர்டில் முடியவே முடியாதுன்னு தெரிஞ்சது. ஏன் அப்படின்னு நோண்ட ஆரம்பிச்சா, நூல் பிடிச்ச மாதிரி 1880 வரைக்கும் போகுது. கொஞ்சம் நீளமான கொசுவத்தி மக்கா. காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க.

பூ ஜாடியே சுவிட்ச்

இங்கிலாந்தின் வடக்கே, நியூகாசிலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் க்ராக்சைடு என்று ஒரு மாளிகை. சொந்தக்காரர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங். பீரங்கியும் ஹைட்ராலிக் இயந்திரமும் செய்து பெரும் பணக்காரர் ஆனவர். தோட்டத்து ஏரித் தண்ணீரில் டர்பைன் ஓட்டி, 1878-ல் வீட்டில் ஒரு ஆர்க் விளக்கை எரிய வைத்தார். 1880-ல் ஜோசப் ஸ்வான் கண்டுபிடித்த பல்புகள் அங்கே வந்தன. ஸ்வான் பக்கத்து ஊர்க்காரர்தான், கேட்ஸ்ஹெட்.

அந்த வீட்டு நூலகத்தில் இருந்த விளக்குகளைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எனாமல் பூசிய செம்பு ஜாடி. ஜாடிக்கு மேலே பல்பு. உள்ளே ஒரு ஒயர் இறங்கி, அதன் நுனி ஜாடிக்கு அடியில் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். ஜாடி உட்காரும் பீடத்தில் சின்னக் கிண்ணத்தில் பாதரசம். ஜாடியைப் பீடத்தில் வைத்தால் நுனி பாதரசத்தில் தோயும், விளக்கு எரியும். ஜாடியைத் தூக்கினால் அணையும். கரண்ட் திரும்பிப் போற வழி எது தெரியுமா? ஜாடியோட செம்பு உடம்பேதான்!

இன்னைக்கு எந்த எலக்ட்ரீஷியன் இதைப் பார்த்தாலும் மயக்கம் போட்டு விழுந்துடுவார். ஆனா ஒரு விஷயத்தை கவனிங்க. அங்கே "ஆஃப்" என்றால் கண்ணால் பார்க்கலாம். ஜாடி கையில் இருக்கு, கரண்ட் பீடத்தில் இருக்கு. ரெண்டுக்கும் நடுவில் காற்று. இந்த ஜாடியை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

தீக்குச்சி வேண்டாம்

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் எடிசன் நியூயார்க்கில் பேர்ல் தெரு மின்நிலையத்தை 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி தொடங்கி வைத்தார். முதல் நாள் எரிந்தது சுமார் 400 பல்புகள். 110 வோல்ட் அளவில் டி.சி. மின்சாரம். அந்தக் காலத்து ஹோல்டரில் பல்புக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னச் சாவி இருக்கும். திருகினால் எரியும். காஸ் விளக்கின் குழாயைத் திருகிப் பழகிய கைகளுக்கு அதுதான் வசதி.

பிறகு அந்தச் சாவி சுவருக்கு வந்தது. சில ஹோட்டல் அறைகளில் ஒரு அறிவிப்பு தொங்குமாம். இது எடிசன் மின்விளக்கு உள்ள அறை, தீக்குச்சியால் பற்றவைக்கப் பார்க்காதீர்கள், கதவருகே சுவரில் இருக்கும் சாவியைத் திருப்பினால் போதும், இந்த வெளிச்சத்தால் உடம்புக்கும் தூக்கத்துக்கும் கெடுதல் இல்லை என்று. சிரிப்பா இருக்கா? அமேசான் அலெக்ஸா கிட்ட எப்படிப் பேசணும்னு நாம அத்தைக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதே ரகம்தான் :-)

"டக்" சத்தம் பிறந்த கதை

சுவருக்கு வந்த சுவிட்ச் ஒரு பெரிய வில்லங்கத்தோடு வந்தது. குமிழை மெதுவாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் ரெண்டு உலோகத் துண்டுகளும் மெதுவாகப் பிரியும். அந்த இடுக்கில் கரண்ட் தாவும். நீலமாக ஒரு பொறி பறக்கும். பொறி நீடித்தால் உலோகம் கருகும், மரப்பலகை பற்றிக்கொள்ளும். ஏ.சி. கரண்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும், அப்போது பொறி அணைய ஒரு வாய்ப்பு. டி.சி.க்கு அந்த நல்ல குணம் கிடையாது. விடாம எரியும்.

இதுக்கு வழி கண்டவர் ஜான் ஹென்றி ஹோம்ஸ். ஊர்? மறுபடியும் அதே நியூகாசில்! 1884-ல் காப்புரிமை வாங்கினார். அவர் யோசனை சிம்பிள்: பிரிக்கிற வேலையைக் கையிடம் விடாதே, ஸ்பிரிங்கிடம் கொடு. கை எவ்வளவு சோம்பேறித்தனமாகத் திருப்பினாலும், ஸ்பிரிங் ஒரு எல்லை வரை விறைத்துக்கொண்டே போய், சட்டென்று விடுபட்டு, உலோகத்தை வெடுக்கென்று பிரித்துவிடும். பொறிக்கு நேரமே கிடைக்காது.

நம்ம வீட்டு சுவிட்ச்ல கேக்குற "டக்" இருக்கே, அது அந்த ஸ்பிரிங்கோட பரம்பரை. பாதி வழியில் சுவிட்சை நிறுத்திப் பாருங்க, முடியாது. இந்தப் பக்கம் இல்லைன்னா அந்தப் பக்கம். 1916-ல் நியூயார்க்கில் வில்லியம் நியூட்டன், மாரிஸ் கோல்ட்பெர்க் என்ற இருவர் இதே தத்துவத்தில் மேலும் கீழும் தட்டுகிற டாகிள் சுவிட்சைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் மேலே தள்ளினால் ஆன், நமக்கும் வெள்ளைக்காரனுக்கும் கீழே தட்டினால் ஆன்.

மிச்சம் பிடிச்ச ஒயர்

இப்போ விஷயத்துக்கு வருவோம். விளக்கு கூரையில், சுவிட்ச் கதவோரம். எரிய வேண்டிய பல்புக்கு ரெண்டு ஒயர் வேணும்: கரண்ட் வர ஃபேஸ், திரும்பிப் போக நியூட்ரல். சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டப் போகுது. அப்போ நியூட்ரலை எதுக்கு சுவர் வழியா சுவிட்ச் வரைக்கும் இழுக்கணும்? செம்பு என்ன சும்மாவா வருது?

ஆகவே பிரிட்டனில் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் நேராகக் கூரையில் உள்ள சீலிங் ரோஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து சுவிட்சுக்கு ஒரு வளையம். ஃபேஸ் இறங்கி வரும், சுவிட்சைத் தாண்டி மறுபடி மேலே ஏறும். நியூட்ரல் கூரையோடு நின்றுவிடும். அமெரிக்காவின் பழைய வீடுகளிலும் இதே வளையம் ஏராளம். கணக்குப்படி இதில் குறையே கிடையாது. சுவிட்ச் சாப்பிடாது என்கிற வரைக்கும்.

ஃபேஸைத்தான் வெட்ட வேண்டும் என்பதும் சும்மா வந்த பழக்கமில்லை. நியூட்ரலை வெட்டினாலும் பல்பு அணையும்தான். ஆனால் ஹோல்டரில் உயிர் இருக்கும். அணைஞ்சிருக்குன்னு நம்பி பல்பு மாத்த ஏறினவன் கதை அவ்வளவுதான். நம்ம ஊரில் 1956-ல் வந்த இந்திய மின்சார விதிகள், எர்த் செய்த நியூட்ரலில் தனியாக சுவிட்ச் வைக்கவே கூடாது என்று சொல்லின. அதாவது ஆஃப் என்பது வெறும் "வெளிச்சம் இல்லை" அல்ல, "ஹோல்டரில் கரண்ட் இல்லை" என்று அர்த்தம். சட்டம் போட்டுக் கொடுத்த வாக்கு அது. க்ராக்சைடு ஜாடி தூக்கின மாதிரி.

எங்க வீட்டு ரெண்டு போர்டு

எங்க வீடு தொண்ணூறுகளில் கட்டினது. ஹாலில் சன்மைக்கா பலகை, ஆறு பியானோ சுவிட்ச், ஒரு பிளக் பாயின்ட். மெயினை அணைத்து, டெஸ்டர் வெச்சு ரெண்டு தடவை பார்த்த பிறகு எலக்ட்ரீஷியன் அண்ணன் பலகையைக் கழட்டினார். உள்ளே சிவப்பு ஒயர் கொத்தாகக் கிடந்தது. பிளக் பாயின்ட்டுக்கு மட்டும் ஒரு கருப்பு.

"இந்தக் கருப்புதான் தம்பி உங்க மாப்பிள்ளைக்குச் சாப்பாடு" என்றார்.

நம்ம ஊர் ஒயரிங்கின் அதிர்ஷ்டம் அது. பல சுவிட்சுகளையும் ஒரு பிளக் பாயின்ட்டையும் ஒரே பெட்டியில் போடுவது இங்கே வழக்கம். பிளக்குக்கு நியூட்ரல் இல்லாம முடியாது. அயர்ன் பாக்ஸும் செல்போன் சார்ஜரும் சொருகத்தான் அந்தக் கருப்பு ஒயரை இழுத்தாங்க. முப்பது வருஷம் கழிச்சு ஒரு வை-ஃபை சில்லு வந்து அதுல பசியாறும்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க.

அடுத்தது பாத்ரூம் வெளியே இருக்கிற போர்டு. ஒத்த சுவிட்ச், பிளக் கிடையாது. திறந்தால் ரெண்டே ரெண்டு சிவப்பு ஒயர். கருப்பைக் காணோம். பிரிட்டிஷ்காரன் வீட்டு நிலைமைதான் இங்கேயும். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு தேசம்!

முதலில் பசித்தவர்கள்

நியூட்ரல் இல்லாத பெட்டியில் எலக்ட்ரானிக்ஸை நுழைத்த வேலை வை-ஃபைக்கு முன்பே நடந்தாச்சு. 1959-ல் அமெரிக்காவில் ஜோயல் ஸ்பைரா, சாதாரண சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும் டிம்மரை உருவாக்கினார். 1961-ல் லுட்ரான் கம்பெனியை ஆரம்பித்தார். அதுக்கு முன்னால் விளக்கைக் குறைக்க வேண்டுமென்றால் தியேட்டர்களில் இருக்கும் பெரிய ரெசிஸ்டர் பெட்டிதான். மிச்சக் கரண்டை வெப்பமாக வீணடிக்கும். ஸ்பைராவின் டிம்மர் குறைக்கடத்தியை வைத்து, ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தது. ரெண்டே ஒயர் போதும்.

அடுத்து 1975. ஸ்காட்லாந்தின் க்ளென்ராதஸ் ஊரில் பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி, கால்குலேட்டர் சில்லு செய்துகொண்டிருந்தது. அவர்களின் பத்தாவது ப்ராஜெக்ட் என்பதால் எக்ஸ்-10 என்றே பெயர். வீட்டு கரண்ட் ஒயரையே தந்திக் கம்பியாக்கிய ஆட்டம் அது. மின்னலை பூஜ்யத்தைத் தொடும் அந்த நொடிப்பொழுதில் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு அனுப்பினால் ஒன்று, அனுப்பாவிட்டால் பூஜ்யம். 16 வீட்டு எழுத்து, 16 எண், ஆக 256 முகவரிகள். ஒரு கட்டளை போய்ச் சேர முக்கால் நொடிக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று பதிலும் வராது. சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர் பட்டனை அழுத்தினால் நம்ம வீட்டு விளக்கு எரியும். 1978-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து, அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ஓடியது.

சரி, எக்ஸ்-10 மாதிரி ஆளுங்க நியூட்ரல் இல்லாம எப்படிச் சாப்பிட்டாங்க? பல்பு வழியா! ஆஃப் செய்த பிறகும், துளியூண்டு கரண்டை பல்பு வழியாக நியூட்ரலுக்குக் கசியவிட்டு, அந்தக் கசிவில் உயிர் வாழ்ந்தார்கள். குண்டு பல்பு காலத்தில் இது யாருக்கும் தெரியவில்லை. 60 வாட் பல்பின் குளிர்ந்த இழைக்குத் தடை நூறு ஓமுக்கும் குறைவு. துளி கரண்ட் போனால் அது சுடக்கூடச் சுடாது.

பிறகு எல்.இ.டி. வந்தது, குட்டு உடைந்தது. எல்.இ.டி. பல்புக்குள் ஒரு கெபாசிட்டர் இருக்கும். கசியும் கரண்ட் சொட்டுச் சொட்டாய் அதில் சேரும். நிறைந்ததும் பல்பு ஒரு மின்னு மின்னும். மறுபடி சேரும், மறுபடி மின்னும். நடுராத்திரியில் ஆஃப் செய்த பாத்ரூம் விளக்கு தானா மின்னினா எப்படி இருக்கும்? எங்க அப்பத்தா வேப்பிலை சொருகிடும். பல்புக்கு இணையாக ஒரு சின்ன கெபாசிட்டர் போட்டால் மின்னல் நிற்கும். ஆனா கசிவு நிக்காது.

அமெரிக்காவில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஆள் வந்தால் எரியும் சென்சார் சுவிட்சுகளுக்கு நியூட்ரல் கிடைக்காததால், எர்த் ஒயர் வழியாகவே கரண்டைத் திருப்பி அனுப்பும்படி சிலவற்றைச் செய்தார்கள். எர்த் என்பது ஆபத்துக்காக வைத்த பாதை, தினசரி நடந்து போற ரோடு இல்லை. கடைசியில் அவர்களின் தேசிய மின் விதித் தொகுப்பு 2011 பதிப்பில், சில விலக்குகள் தவிர, விளக்கு சுவிட்ச் பெட்டிகளுக்கு நியூட்ரலும் வர வேண்டும் என்று சேர்த்தது. ஒயரை மிச்சம் பிடிச்ச நூறு வருஷக் கணக்கு அங்கேதான் மாத்தி எழுதப்பட்டுச்சு.

நெட் போச்சுன்னா?

எடிசன் கம்பெனிக்கு இல்லாத இன்னொரு தலைவலியும் நமக்கு உண்டு. அம்மா கேட்ட முதல் கேள்வியே, "நெட் போச்சுன்னா லைட்டு எரியாதாடா?"

நியாயமான கேள்வி. ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹோம் பெட்டியை, அதை வாங்கிய நெஸ்ட் கம்பெனி 2016 மே மாதம் மொத்தமாக நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கினவன் கையில் பெட்டி மட்டும் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தன. சுவரில் இருந்த அதன் சுவிட்சுகள் கைக்கு வேலை செய்தன, செல்போன் செயலிதான் செத்துப்போனது. அந்த ஜூன் மாதம் பயனர்களில் சிலரே சேர்ந்து அதை வாங்கி மறுபடி ஓட வைத்தார்கள். அதே 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம், வீட்டுக்குள்ளேயே, வெளி சர்வர் இல்லாமல் சாதனங்கள் பேசிக்கொள்ள வழி செய்தது.

ஆபீசில் சர்வரை நம்பி ஆணி பிடுங்குறவன் நான். சர்வர் எப்போ படுக்கும்னு எனக்குத் தெரியும். அதனால பழைய பியானோ சுவிட்சுகளைத் தூக்கிப் போடலை. அதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சின்ன ரிலே மாட்யூலைத்தான் மாட்டினோம். அப்பத்தா வழக்கம்போல சுவிட்சைத் தட்டும், எரியும். நான் பெங்களூரிலிருந்து செல்போனில் தட்டினாலும் எரியும். நெட் போனா எனக்குத்தான் நஷ்டம், அப்பத்தாவுக்கு இல்லை. கரண்ட் போய் வந்தால் எல்லா விளக்கும் திடீரென்று எரியாமல், அணைந்தே இருக்கும்படி அமைத்தாயிற்று. நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம்.

பசிக்கும் ஒரு கணக்கு போட்டேன். ஒரு மாட்யூல் அரை வாட் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். பத்து இருந்தா 44 யூனிட். தினம் அஞ்சு மணி நேரம் எரியும் 9 வாட் பல்பு வருஷத்துக்குச் சாப்பிடுறது 16 யூனிட்டுதான். ஆக, வீடு முழுக்க மாட்டினால் காவக்காரனுக்குச் சோறு ரெண்டு மூணு பல்பு செலவு. அதான் ஹாலோட நிறுத்திக்கிட்டேன்.

பாத்ரூம் போர்டில் பழைய சுவிட்சே இருக்கு. நியூட்ரல் வேண்டாத மாடல் கடையில் கிடைக்குது, கெபாசிட்டரும் கூடவே தர்றாங்க. மாட்டியிருக்கலாம். ஆனா அங்கே ஆஃப் என்பது பொய். ஹோல்டர் வரைக்கும் கசிவு வந்துகொண்டே இருக்கும். ஈரக்கையோட பல்பு மாத்துற இடத்துல அந்தப் பொய் வேண்டாம்னு பட்டது. அமெரிக்க டிம்மர்கள் பலவற்றில் கீழே சின்னதாக ஒரு இழுப்பான் வைத்திருப்பார்கள். அதை இழுத்தால்தான் உள்ளே நிஜமாக ஒரு காற்று இடைவெளி உண்டாகும். க்ராக்சைடு ஜாடியைத் தூக்கின அதே இடைவெளி. ரிலே மாட்யூலும் நிஜமாகவே பிரிக்கும், ஆனால் அந்த இடைவெளி ரொம்பச் சின்னது. எதுவாக இருந்தாலும் பல்பு மாத்த ஏறும் முன் மெயினை அணைச்சுடுங்க.

பசியே இல்லாத ஸ்மார்ட் சுவிட்சும் உண்டு. ஜெர்மனியில் 2001-ல் சீமென்ஸிலிருந்து பிரிந்து வந்த என்ஓஷன் நிறுவனத்தின் சுவிட்சுக்கு ஒயரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. நாம் விரலால் அழுத்துகிற அந்தத் துளி சக்தியிலேயே மின்சாரம் உண்டாக்கி, ரேடியோவில் சேதி சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். சேதியைக் கேட்கிற ரிலேயை மட்டும் நியூட்ரல் இருக்கிற கூரையில் வைத்துக்கொள்ளலாம். என்ன, விலையைக் கேட்டா நமக்கு ஷாக் அடிக்கும்.

கடைசியா, புதுசா வீடு கட்டுற நண்பர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. டைல்ஸ் கலரைப் பத்தி ஒரு வாரம் சண்டை போடுங்க, தப்பில்லை. சுவர் பூசுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் எலக்ட்ரீஷியன் கூட நின்னு, பிளக் இருக்கோ இல்லையோ, ஒத்த சுவிட்ச் பெட்டி உட்பட எல்லாத்துக்கும் ஒரு கருப்பு ஒயர் இழுக்கச் சொல்லுங்க. இன்னைக்கு அது சில மீட்டர் ஒயர். நாளைக்கு அது சுவர் உடைக்கிற செலவு.